நாலாயிரம் ஹெர்ட்ஸ்

அம்பலத்தடையார் மடத்து வீதி,
வெல்ல மண்டிக்கு மேல் மாடி.
பெயர்ப்பலகை கிடையாது.
பன்னிரண்டாம் படியில்
செருப்பைக் கழற்றச் சொல்லி ஓர் அம்புக்குறி மட்டும்.

உள்ளே எதுவார் எழுதி மாட்டிய அட்டை:
தட்டு சுழலும்போது பேச்சு வேண்டாம்.
பேசித்தான் ஆகவேண்டுமென்றால்
நேரே கிழக்கே போனால் கடற்கரை வரும்.

எதுவார் சொல்தா வீட்டுப் பிள்ளை.
அப்பாவின் பிராங்கு பென்ஷனில் படித்துக் கப்பலேறியவர்.
யோகோஹாமாவில் கப்பல் பழுதாகி நின்ற பதினோரு நாளும்
யாரும் யாரோடும் பேசாத
ஒரு சந்துக் கடையில் உட்கார்ந்திருந்தாராம்.
முப்பது வருஷம் கழித்து
அந்தப் பதினோரு நாளை இங்கே கட்டியிருக்கிறார்:
தேக்குப் பெட்டி இரண்டு,
ஆரஞ்சாய்க் கனலும் வால்வு நாலு,
நாற்காலி ஒன்பது.

வேண்டியதைச் சீட்டில் எழுதித் தர வேண்டும்.
ரம் ஒன்று. எலுமிச்சை தனியாக.
வெள்ளிதோறும் இதையேதான்.
ஆனாலும் எழுத வேண்டும்.

பகலெல்லாம் நான் காது சோதிப்பவள்.
கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து
ஹெட்போன் மாட்டி
கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன்.
கேட்டா அழுத்துங்க.
எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்துங்க.
சிலர் கேட்காததற்கும் அழுத்துவார்கள்.
பொய் சொல்ல இல்லை,
தோற்க மனசில்லாமல்.
அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன ஐப்பசியில்
மழைக்கு யாரும் வராத ஒரு மத்தியானம்
என் காதையே சோதித்துப் பார்த்தேன்.
நாலாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியதும்
இரண்டு கோடுகளும்
கயிறு நழுவிய வாளி மாதிரி இறங்கின.
யாரிடமும் சொல்லவில்லை.
தாளை மடித்து
ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன்.

இன்றைய தட்டில் மூன்று பேர்.
உறை முழுக்க ஜப்பான் எழுத்து.
பியானோ வருகிறது,
கடன் கேட்க வந்தவன் மாதிரி
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வாசலில்.
பாஸ் நாற்காலிக் காலில் ஏறி
முழங்காலுக்கு வந்துவிட்டது.
மூன்றாமவர்
சிம்பலில் கம்பித் துடைப்பத்தால்
ஏதோ செய்துகொண்டிருக்க வேண்டும்.
எதுவார் கண்ணை மூடும்போது,
மூலையில் அந்தக் கல்லூரிப் பெண் மூச்சை நிறுத்தும்போது
தெரிகிறது: இப்போதுதான், இதோ.

வார இறுதிக்கு வந்த இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.
'மச்சி, இங்க பாட்டு மட்டும்தான்டா.'
எதுவார் உதட்டில் விரல் வைத்தார்.
பதினேழு படியும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போயின.

அடுத்த மேசையில் வேதமாணிக்கம்.
கடலூர் முதுநகர், விசைப்படகு மெக்கானிக்.
முப்பத்தெட்டு வருஷம்
டீசல் இரைச்சலுக்குள் குனிந்திருந்த தலை.
போன மாதம் நான்தான் அவருக்கு மிஷின் மாட்டினேன்.
இங்கே எப்படி? கேட்க முடியாது, சட்டம்.
என்னைப் பார்த்ததும் அசட்டுச் சிரிப்போடு
மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்,
மாத்திரையைத் துப்பி ஒளிக்கிற பிள்ளை மாதிரி.
பிறகு மேசைமேல் உள்ளங்கையை விரித்தார்,
இன்ஜின் சூடு பார்ப்பதைப் போல.
பாஸ் அவரிடம் போனது.
சரியான இடத்தில் தலை ஆடியது,
எனக்கும் முன்னாலேயே.

ஒரு சீட்டு வந்தது,
கிரீஸ் போகாத நகத்தால் தள்ளப்பட்டு.
'மேடம், மூணாவது ஆள் என்ன பண்றாரு?
கைக்கு எட்டல.'

பென்சிலை எடுத்தேன்.
மேசைக்கு அடியில் என் கட்டைவிரல்
இல்லாத பட்டனை ஒருமுறை அழுத்தியது.
எழுதினேன்:
'ஈர மணல்ல நண்டு ஓடுற மாதிரி.
நின்னு நின்னு ஓடுது.'

படித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.
தட்டின் இந்தப் பக்கம் முடிந்து
ஊசி வெறும் பள்ளத்தில் சுற்றியது.
எதுவார் உடனே எழுந்து எடுக்கவில்லை.

கீழே மண்டியில்
ஷட்டரை இழுத்துச் சாத்தினார்கள்.
அது எங்கள் இருவருக்குமே கேட்டது.