நீல மூடி

வண்ணார்பேட்டை ஐகோர்ட்துரை
பானெட்டைத் திறக்காமலே சொன்னான்:
'கேஸ் இல்ல சிஸ்டர். மூவாயிரம் ஆவும்.
செவ்வாக்கெழம வுடுங்க.'
நாடி பிடிக்காமல் மருந்தெழுதும் டாக்டர்கள்
ஹைகிரவுண்டில் நாலு பேரை எனக்குத் தெரியும்.
சரியென்று தலையாட்டிவிட்டு
பைபாஸ் கடையில்
ஒரு டின், ஒரு குழாய், முள் வைத்த ஒரு மீட்டர்
ஆயிரத்து நூறுக்கு வாங்கி
ஈரத்துண்டு போர்த்திக் கொண்டுவந்தேன்.
வெயில் அப்படி.

சமாதானபுரம். மத்தியானம் இரண்டரை.
அக்கினி நட்சத்திரத்தில் ஒன்பதாம் நாள்.
நைட் டூட்டி பார்த்த கண் தூங்கவேண்டிய நேரம்.
வேம்பு தந்த நிழல் பானெட்டுக்கு மட்டும் போதும்,
டிக்கி வெயிலில் கிடந்தது.

இரண்டு குழாய்கள். மெலிசில் சிவப்பு மூடி இருந்தது.
தடிமனில் நீல மூடி இருக்கவேண்டும்,
இல்லை.
முன்பு எவனோ திறந்தவன்
மூட மறந்து போயிருக்கிறான்.
சோப்புத்தண்ணி தொட்டு வைத்தேன்.
கடுகளவில் ஒரு குமிழி, யோசித்து யோசித்து,
பிறகு இன்னொன்று.
மூன்று கோடையின் குளிர்
இந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

'வெடிச்சிரும் பாத்துக்க எப்சிபா,
போஸ்ட் மரத்துல ஏறுனவன் சொல்லுதேன்'
என்றார் வீட்டுக்காரர் ஞானதிரவியம்.
ஏறியவர் பத்தடி தள்ளிதான் நின்றார்.
சிவப்பில் மாட்டினால் வெடிக்கும், நிஜம்தான்.
சிரையா தமனியா என்று விரல் வைத்துப் பாராமல்
நான் எந்த ஊசியும் இறக்கியதில்லை.
தடிமன். மறுபடி பார்த்தேன். தடிமன்தான்.

குழாயில் நிற்கும் காற்றை முதலில் வெளியே விடணும்.
சிரிஞ்சை நிமிர்த்திச் சுண்டுகிற அதே விரல்
அதைச் செய்தது, நான் சொல்லாமலே.

எஞ்சின் ஓடுகிறது. ஏசி முழுசாக.
பெல்ட் மட்டும் சுற்றுகிறது,
கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவரைப் போல
கம்ப்ரசர் சும்மா இருக்கிறது.
முள் பதினெட்டில்.
வார்டில் இந்த அளவைக் கண்டால்
கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்திவிட்டு ஓடுவோம்.

டின்னை நிமிர்த்திப் பிடித்துத் திருகினேன்.
உள்ளே போகிறது என்பதற்கு
சத்தமில்லை, கைதான் சாட்சி:
கையுறைக்குள் குளிர் ஏறி
டின்னின் இடுப்பில் வெள்ளை படர்ந்தது.
பாளையங்கோட்டையில், மே மாதத்தில்,
எனக்கு விரல் விறைத்தது.

டக்.
நின்றது.
டக். டக். நின்றது.
ஈசிஜி தாளில் சில இதயங்கள் இப்படித் தயங்கும்.
அப்புறம் ஒரு டக், அதோடு நிற்கவில்லை.
எஞ்சின் லேசாக முனகிச் சுமையை வாங்கிக்கொண்டது.

நாற்பதில் மூடினேன்.
டின்னில் இன்னும் குலுங்குகிறது,
காசு கொடுத்ததைத் தீர்த்துவிட ஆசைதான்.
ட்ரிப் மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோர்க்கும்.
இதற்கும் ஏதோ ஒன்று கோர்க்கும்.

மூடிக்கு என்ன செய்ய?
குளுக்கோஸ் பாட்டில் ரப்பர் முக்கால்வாசி பொருந்தியது.
மீதிக்கு பிளாஸ்திரி.
பானெட்டின் உள்பக்கம் மார்க்கரில் எழுதினேன்:
மே 12. 2.50. முக்கால் டின்.
ஞாயிறு மறுபடி பார்க்கவும்.
குணமாகவில்லை, கட்டுக்குள் இருக்கிறது.
என் பேஷண்டுகளில் பாதிப்பேர் அப்படித்தான்
பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்.

கண்ணாடிகளை ஏற்றி, சீட்டைச் சாய்த்தேன்.
கழித்துப்போட்ட தடுப்பூசிப் பெட்டியின் தெர்மாமீட்டரை
காற்றுவாயில் செருகியிருந்தேன்.
ஒன்பது காட்டியது.
தடுப்பூசிக்கு ஒரு டிகிரி கூடுதல்,
ஒரு மனுஷிக்கு இது தாராளம்.
குற்றாலத்தில் சாரல் விழ இன்னும் மூன்று வாரம்.
யாரும் சிஸ்டர் என்று கூப்பிடவில்லை.
கண் சொருகியது.

கண்ணாடியில் விரல்முட்டி.
ஞானதிரவியம், சட்டை முதுகோடு ஒட்டி.
'வீட்ல கரண்டு போயிட்டும்மா.
ஒரு ஆளுக்கு எடம் கெடக்குமா?'

லாக்கை எடுத்துவிட்டேன்.
'ஏறுங்க.
கதவ வெரசாச் சாத்துங்க, குளுரு போயிரும்.'