வால்யூம் முப்பத்திரண்டு

முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட அரங்கு.
பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி காலி.
தையல் யூனிட்டில் அவளோடு வேலை பார்ப்பவர்கள்
டிபன் பாக்ஸோடு நேரே வந்து
முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.
கடலூரிலிருந்து வந்தது நான் ஒருத்திதான்.
வீட்டில் பல் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தேன்.

அம்சவேணி மேடைக்கு வந்தாள். சலங்கை இல்லை.
புதுப்பாளையத்தில் எங்கள் சுவரை ஒட்டி
ஆறு வருஷம் இருந்தவள்,
மாடியில் துணி காயப்போடும்போதுகூடக்
கையைத் தோளுக்கு மேல் தூக்காதவள்,
இரண்டு கையையும் தூக்கி
விரல்களை விரித்தாள்.
முதல் அசைவே அதுதான்.
எனக்கு எச்சில் இறங்கவில்லை.

புருஷனாக யாரும் வரவில்லை.
கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும்,
இஸ்திரி மடிப்புக் கலையாமல்,
மின்விசிறிக் காற்றில் திரும்பித் திரும்பிப் பார்த்தது.
தாளத்துக்குக் குக்கர் விசில்.
மூன்றாவது விசிலுக்குள் குழம்பு கொதிக்க வேண்டும்,
நான்காவதுக்குள் அழுகை நிற்க வேண்டும்.
நான்காவது வரவேயில்லை.
அந்த நிசப்தத்தில் முழங்கால் மடங்கி விழுந்தாள்.
ஆடத் தெரிந்தவள் விழுந்தது போல இல்லை,
விழத் தெரிந்தவள் ஆடியது போல இருந்தது.

பிறகு பின்திரையில்
பச்சையாக ஒரு கோடு முளைத்தது.
இருபது. இருபத்தாறு.
சீரியல் பாட்டு ஏற ஏற அவள் வாய் மட்டும் அசைந்தது.
முப்பத்திரண்டில் நின்றது கோடு.

எங்கள் டீவி.

முப்பதில் வைத்தால் அந்தப் பக்கம் நடப்பது கேட்கும்.
முப்பத்தைந்துக்குப் போனால் மாமனார் திட்டுவார்.
தினமும் போட்டுப் போட்டு நான் கண்டுபிடித்த கணக்கு,
எனக்கு மட்டும்தான் தெரியும் என்றிருந்தேன்.
ஒரு தீபாவளிக்கு அதிரசத் தட்டோடு
வாசலில் நின்றாளே, அப்போது பார்த்திருப்பாள்.

"எப்பேர்ப்பட்ட ஜனங்க பாருங்க"
என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.
ஆமாம் என்றேன்.

கடைசியில் அந்த விடியற்காலை.
இரும்புக் கேட் கிரீச்சிட்டது.
அவள் பாதம் அந்தரத்தில் நின்றது.
நாலு மணி இருக்கும். எனக்கும் தெரியும்.
ஜன்னல் கம்பி வழியே பார்த்தேன்:
ஒரு கட்டைப்பை, கையில் செருப்பு,
கேட்டுக்கு வெளியே பாதி உடம்பு.
அந்த நேரத்தில் சீரியல் ஏது?
மூட்டுவலித் தைல விளம்பரம்.
முப்பத்திரண்டு.
மிச்சக் கிரீச்சை அது தின்றுவிட்டது.

உதவத்தான் போட்டேன் என்று சொல்ல ஆசை.
கை பழகியிருந்தது.
அதற்கு மேல் நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது.

மேடையிலும் தைல விளம்பரம் வந்தது.
சிலர் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
இல்லாத சுவரின் பக்கம் திரும்பித்
தலையைக் குனிந்தாளா, மறுப்பாக ஆட்டினாளா,
எனக்கு முன்னால் இருந்தவரின் தலை மறைத்துவிட்டது.
எட்டிப் பார்ப்பதற்குள் ஓடத் தொடங்கியிருந்தாள்,
நின்ற இடத்திலேயே,
ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம்,
அவன் குடிக்கப் போகும் முள்ளோடைக் கடைகள்
ஷட்டர் இறக்கித் தூங்க,
பஸ் ஜன்னல் காற்றில் பறக்கிற முடியைக்
கட்டாமல், ஒதுக்காமல்.

உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள்.
கடைசி பஸ் போய்விடும் என்றேன்.
மணி ஏழரைதான்.

"பல்லு எப்படி இருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.
வலிக்கிறது என்றேன்.
அவள் இருந்த வீட்டுக்குப்
போன வாரம் யாரோ குடிவந்திருக்கிறார்கள்.
சோறு போட்டு உட்கார்ந்தபோது சுவரில் டக் டக்.
அவர் ரிமோட்டை எடுத்தார்.
பிடுங்கி மியூட்டில் போட்டேன்.
"ஆணி அடிக்கிறாங்கடி."
ஆணிதான். காலண்டர் மாட்டுகிறார்களாக இருக்கும்.
அடித்து முடியும்வரை
பிசைந்த சோற்றில் கை வைத்தபடி
கேட்டுக்கொண்டிருந்தேன்.