இதர செலவுகள்

"முழு எண்ணா எழுதாதீங்க" என்றார் ரெஜினா மேடம்.
"ஐயாயிரம்னு போட்டா கேக்கற மாதிரி இருக்கும்.
நாலாயிரத்து எண்ணூத்தி எழுபதுன்னு போட்டா
செலவழிச்ச மாதிரி இருக்கும்."

அன்று இரவெல்லாம் உட்கார்ந்து
மகளைச் சில்லறையாக மாற்றினேன்.

பள்ளிக் கட்டணம், பன்னிரண்டால் வகுத்து.
வேனுக்குப் பதினோரு மாதம். மே மாதம் ஓடாது.
பச்சை பாக்கெட் பால் அரை லிட்டர்.
இன்ஹேலர், மழைக்காலத்தில் இரண்டு.
வியாசர்பாடி வீட்டு வாடகையில்
அவள் பங்கு எவ்வளவு?
இரண்டு பேர், பாதிப் பாதி என்றேன்.
ஏழு வயசுக்குப் பாதியான்னு எதிர்த்தரப்பு கேக்கும்,
மூணுல ஒண்ணு போடுங்க என்றார்.

எதிர்த்தரப்பு.
தயாளனுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை.
பராமரிப்புப் பிரிவு.
நானும் பராமரிப்பு என்றுதான் மனு போட்டிருக்கிறேன்.

அவன் சம்பளச் சீட்டில்
பிடித்தம் போக இருபத்து மூவாயிரத்துச் சொச்சம்.
பைக் தவணை, சொசைட்டி லோன்,
தங்கை வளைகாப்புக்கு வாங்கிய கைமாற்று வரை
பதில் மனுவில் வரிசையாக நின்றன.
இரவு அழைப்புப் படி மட்டும் இல்லை.
அது கையில் வருவது.
நடுராத்திரியில் யாரோ எங்கோ
இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம்
போன் அடிக்கும். அவன் சட்டையைத் தேடுவான்.
எழுந்து பிளாஸ்க்கில் டீ ஊற்றியது நான்.
பிளாஸ்க்கை
எந்த ஆவணமாகக் குறியிடுவது?

என் வருமானம் என்ற கட்டத்தில்
ஜாக்கெட் தைப்பதை எழுதினேன்,
லைனிங் வைத்தது, வைக்காதது இரண்டும்.
மேடம் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு
அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பாரிமுனை வெயில்.
நீதிமன்றத்தில் மின்விசிறி மட்டும்
யாருக்கும் வாய்தா கொடுக்காமல் சுற்றியது.
அவன் வக்கீல் எழுந்தார்:
மாதம் இரண்டு ஞாயிறு குழந்தை
தகப்பனிடம் சாப்பிடுகிறது, அதைக் கழிக்க வேண்டும்.
கணக்கு சரிதான்.
நாலு வேளைச் சாப்பாடு, ஒரு குச்சி ஐஸ்.
தயாளன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான்.
"அதை விடுங்க சார்."
எனக்கும் கேட்டது.

நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ராத்திரி வேலை உண்டா?"
"சில நாள் உண்டும்மா."
"மாசத்துக்கு எத்தனை?"

அவன் என் பக்கம் திரும்பினான்.
கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை.
ஆதார் எண், கேஸ் புக் பண்ணிய தேதி,
மகளின் ரத்த வகை எல்லாம்
என்னிடமே கேட்டுப் பழகிய கழுத்து அது.

"எட்டு. சில மாசம் ஒன்பது" என்றேன்.

யாரும் ஆட்சேபிக்கவில்லை.
தட்டச்சர் அதை அடித்துக்கொண்டார்.
அவனுக்கு அப்போதுதான்
தலை குனிந்தது.

இடைக்கால உத்தரவு: ஏழாயிரத்து ஐந்நூறு,
பிரதி மாதம் பத்தாம் தேதிக்குள்.
முழு எண்.
யாரும் செலவழித்தது போலவே இல்லாத எண்.

சாயங்காலம் எம்.சி. ரோட்டில்
நிறைமதிக்கு ஸ்கூல் ஷூ.
விரல் இடிக்குதும்மா என்று
ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
மனு போட்டபோது பன்னிரண்டு.
பதில் மனு வந்தபோது பதிமூன்று.
கடைக்காரர் முட்டி போட்டு அளந்துவிட்டுச் சொன்னார்,
"சின்னப் புள்ளைங்க சைஸ் முடிஞ்சிடுச்சுக்கா.
இனிமே மறுபடி
ஒண்ணுலருந்து."