ங்க

இன்றைக்கும் ஒரு புதுச் சட்டை.
துவைக்கிற சோலி இல்லை.
இடுவம்பாளையம் ரோட்டில் இறங்கினால்
கம்பெனிக்குக் கம்பெனி அட்டைப்பெட்டி,
பிரித்தால் மாதிரி மாறாமல் ஆயிரம்.
பதினெட்டு வருசம் செக்கிங் டேபிளில் நின்றவள்,
பழக்கம் போகவில்லை.
கழுத்துத் தையலை விரலால் நீவி
நூல் பிசிறு இருந்தால் அப்பால் எறிகிறேன்.
எந்த பையருக்காக என்று கேட்காதீர்கள்.

யாரிடம் சொல்கிறேன், கேட்காதீர்கள் என்று.

நொய்யல் தெளிந்துவிட்டது.
முன்னெல்லாம் பாலத்தில் நின்றாலே தெரியும்,
வருகிற குளிருக்கு வெள்ளைக்காரன்
மெரூன் போடப்போகிறானா பச்சையா என்று.
இப்போது தண்ணீர்
தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது.
அடியில் கல் தெரிகிறது.
கொஞ்சம் பயமாய் இருக்கிறது.

ஆளில்லாமல்கூட இருந்துவிடலாம்.
ரேசன் கடையில் அரிசி இருக்கிறது, முருங்கை காய்க்கிறது.
நாக்கு நுனியில் நிற்கிற இந்த ‘ங்க’வைத்தான்
எங்கே இறக்கிவைப்பதென்று தெரியவில்லை.
கைக்குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்ற ஊர்.
நாயிடம் சொல்லிப் பார்த்தேன்,
‘அக்கட்டால போங்க.’
அது என்னைப் பார்த்தது.
தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று
திரும்பியும் பார்த்தது.

பக்கத்து வீட்டுத் திலகமணியோடு
நாலு வருசமாய்ப் பேச்சில்லை.
சாக்கடைத் தண்ணி எந்தப் பக்கம் போவதென்று தகராறு.
பூட்டிக் கிடக்கிற அந்த வீட்டைத் தாண்டுகையில்
இப்போதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறேன்.
ஆளில்லை என்பதற்காக
விட்டுக்கொடுத்துவிட முடியுமா?
சாக்கடை காய்ந்து துத்தி பூத்திருக்கிறது,
இரண்டு பக்கமும்.

நேற்றுப் பொழுதோட
ஊத்துக்குளிப் பக்கம் கருத்தது.
மண் வாசம் வந்ததும் கொடிக்கு ஓடினேன்.
என் கொடியில் என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை.
நிமிர்ந்தால் அவள் மாடியில்
நைட்டி, இரண்டு பாவாடை,
ஒரு பள்ளிக்கூட டவுசர்.
ஆறு மாதமாய் அங்கேதான் இருந்திருக்கிறது,
முகம் திருப்பியே நடந்ததில் கண்ணில் படவில்லை.
படியேறிக் கிளிப்பைப் பிடுங்கும்போதே
வாய் வந்துவிட்டது:
‘ஏனுங்க்கா, மழ வருதுங்க!’

எத்தனை மழை பார்த்திருக்கும் அந்த நைட்டி.
நிறம் போய், ஓரம் நைந்து…
செக்கிங்கில் நிச்சயம் தள்ளியிருப்பேன்.
மடித்தேன்.
கதவைத் திறக்கத் தோன்றவில்லை.
வாசப்படியில் வைத்து,
மேலே ஒரு கல்லும் வைத்துவிட்டு
கொஞ்சம் நின்றேன்,
‘செரி, வெச்சுட்டுப் போங்க’ என்று
உள்ளேயிருந்து ஒருத்தி சொல்லி முடிக்கிற
நேரம் வரைக்கும்.