முன்சக்கரம்

கேப்பர் மலையை மலை என்றால்
கொல்லிமலைக்காரர்கள் சிரிப்பார்கள்.
கடலூருக்கு வாய்த்த மேடு அதுதான்.
ஜெயில் மதிலைத் தாண்டினால்
முந்திரிக்காட்டுக்குள் ஒற்றையடித் தடம்,
மழை அறுத்த ஓடைகள்,
உருளும் சரளை.

"பையனுக்கா மேடம்?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.
"எனக்கு."
சீட்டை இறக்கிக் கொடுத்தார்.
அங்கேயே சாவி வாங்கி மறுபடி ஏற்றினேன்.

ஞாயிறு, ஐந்தே முக்கால்.
கெடிலம் பாலத்தில் ஷேர் ஆட்டோ நிறைய மீன்கூடைகள்.
"எங்கம்மா இந்நேரத்துக்கு?"
"மலைக்கு."
"கோயிலுக்கா?"
"சும்மா."
அந்தச் சொல்லை என்ன செய்வதென்று தெரியாமல்
ஆட்டோ கொஞ்சநேரம் என் பக்கத்திலேயே வந்தது.

ஏறும்போது மூச்சு தொண்டைக்கு வரும்.
இறங்கும்போது உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளித்
தொங்கவிட வேண்டும்,
யாராவது பார்த்தால் என்ற நினைப்பையும் சேர்த்து.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
மூச்சை அடக்குங்க, விடுங்க என்று
பதினாறு வருடமாக ஊரின் எலும்புகளைப் பார்க்கிறேன்.
ஆடியில் ஒருநாள்
முந்திரி வேர் ஒன்று முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது.
நான் மட்டும் மேற்கொண்டு போனேன்.

இடது காறையெலும்பு.
ஜூனியர் கனிமலர்தான் படம் எடுத்தாள்:
"மூச்சை அடக்குங்கக்கா."
திரையில் என் எலும்பு
சுள்ளி மாதிரி
சுத்தமாக ஒடிந்திருந்தது.

ஆறு வாரம் கை தொட்டிலில்.
"ரெண்டு பிள்ள பெத்தவ" என்றாள் அம்மா போனில்,
அந்த எலும்பால்தான் பெற்றேன் என்பதுபோல.
"இத்தோட விட்டுடுங்க அண்ணி" என்றாள்
நாத்தனார் ஜெயசுதா.
தட்சிணா ஒன்றும் சொல்லவில்லை.
சைக்கிளைக் கழுவி, துடைத்து,
மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்தார்.
அவர் வைத்த முற்றுப்புள்ளி அது
என்று எடுத்துக்கொண்டேன்.

நாலாவது வாரம்
ஒற்றைக் கையால் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன்:
டயர்ப் பள்ளங்களில் செம்மண்.
ஈரம் காயவில்லை.
எங்கள் தெரு மண் வெளுப்பு.
சீட்டு இரண்டு விரல் ஏறியிருந்தது.

நான் கேட்கவில்லை.
சாப்பிட உட்காரும்போது
அவர் இடுப்பை ஒரு பக்கமாக இறக்குவதைப் பார்த்தேன்.
முழங்கையில் சிராய்ப்பு.
"ஆபீஸ் பீரோ" என்றார்.
மகிழினி தட்டுக்குள் சிரித்தாள்.
அவளும் போயிருக்கிறாள்,
பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில்,
முன்னால் கூடை ஆட ஆட.

இப்போது தை.
முந்திரி பூத்திருக்கிறது.
நாங்கள் ஐந்து பேர்.
பரிதி பாதி மேட்டைத் தள்ளிக்கொண்டே ஏறுகிறான்,
மலையை இவ்வளவு மேலே வைத்தது யார் என்கிறான்.
சும்மா பார்க்க வந்த ஜெயசுதா
வாடகை சைக்கிளில்,
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு.
"வெயிட்டப் பின்னால போடு" என்கிறார் தட்சிணா.
என்னிடம்தான்.

அந்த வேர் வந்தது.
போன மழையில் இன்னும் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது.
எல்லாரையும் நிறுத்தினேன்.
எந்தப் பக்கம் பிடிக்கணும்,
பிரேக்கை எங்கே விடணும் என்று
சொல்ல ஆரம்பிப்பதற்குள்
மகிழினி பெடலில் எழுந்துவிட்டாள்.

பார்த்து, என்று ஒரு சொல்
நாக்குவரை வந்தது,
எங்கம்மாவின் குரலில்.
மூச்சை அடக்கினேன்.

கூடை ஒருதரம் எகிறியது.
சரிவு அவளை வாங்கிக்கொண்டது.
தூசி.
கொஞ்சநேரம் தூசி மட்டும்.

பிறகு கீழேயிருந்து
சைக்கிள் மணி,
இரண்டு தடவை.

மூச்சை விட்டேன்.
எனக்குப் பின்னால் ஜெயசுதா
துப்பட்டாவில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.