மூன்றா எட்டா

முப்பத்தையாயிரம் எண்ணிக் கொடுத்தேன்.
ஓடும் என்றார் ஒட்டுசுட்டான்காரர்.
ஓடியது,
கற்சிலைமடு வரைக்கும்.

பிறகு நான் உருட்டினேன்.
வெயிலுக்கு இரங்கி ஒரு லான்ட்மாஸ்டர்க்காரர்
நெல்மூட்டைகளுக்கு மேலே ஏற்றிக் கட்டினார்.
எம்டி நைன்ரி. சிவப்பு.
சிவப்பு உரிந்த இடத்தில் நீலம்,
நீலம் உரிந்த இடத்தில்
யாரோ தூரிகையால் பூசிய பச்சை.

ஒலுமடுவில் அமலதாசன் எஞ்சினைப் பிரித்தபோது
ஒரு பிடி மணல் கொட்டியது.
வெள்ளை மணல். சிப்பித் துண்டும் இருந்தது.
"இது எங்கட மண்ணில்லை" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவத் தொடங்கினான்.

பிஸ்டன் வவுனியாவில் கிடைத்தது.
றிங் கிடைக்கவில்லை.
றிங் கிளிநொச்சியில் கிடைத்தது, அது வேறு சைஸ்.
காபரேற்றருக்கு மூன்று சனிக்கிழமை.
நாலாம் சனி அமலதாசனுக்குக் காய்ச்சல்.
கடைசியில் ஒரு பின்னேரம்
இருமி, புகைத்து, ஊரையே எழுப்பி நின்றது.
வாங்கின விலையை விட
திருத்தின விலை நாலாயிரம் கூட.

இனிப் பதியவேணும்.

முல்லைத்தீவில், இரண்டாம் யன்னலில்,
"செசி நம்பரைப் பென்சிலால உரஞ்சி எடுத்து வாங்கோ" என்றார் அந்தப் பிள்ளை.
கடதாசி வைத்து உரஞ்சினேன்.
எண்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன,
கடைசிக்கு முதல் எண்ணைத் தவிர.
துரு அதன் இடப்பக்கத்தைத் தின்றிருந்தது.
"மூன்றா எட்டா?"
தெரியாது.
"புத்தகம்?"
தண்ணியில் ஊறின புத்தகம். எண் கரைந்துவிட்டது,
பெயர் நிற்கிறது:
வேதநாயகம் இராசகுலம், தேவிபுரம்.
"அப்ப அவரிட்டக் கையெழுத்து வாங்குங்கோ.
இல்லையெண்டா மரணப் பத்திரம்."
படிவம் சிங்களத்தில் இருந்தது.
தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம்.

தேவிபுரத்தில் கச்சான் காயப்போட்டுக்கொண்டிருந்தார்
இராசகுலத்தின் மனைவி, பத்மலீலா.
படலையடியில் எஞ்சினை நிறுத்தினேன்.
"சத்தம் வேறை" என்றார்.
பிறகுதான் என்னைப் பார்த்தார்.

ஸ்டாண்ட் மணலில் புதைந்து வண்டி சரியப் பார்த்தது.
கேட்காமலே ஒரு சிரட்டை கொண்டுவந்து
கவிழ்த்து, அடியில் கொடுத்தார்.

"கையெழுத்து அவரெல்லோ வைக்கோணும்.
வந்தா வைப்பார்."
நான் மற்றப் பத்திரத்தைச் சொன்னேன்.
சொல்லி முடிக்க முதலே வெட்கமாக இருந்தது.
"காசு தாறம், ஆடு தாறம் எண்டு
எத்தினை பேர் வந்து கேட்டவங்கள்.
அதுக்கே எடுக்கேல்லைத் தம்பி.
உம்மட சைக்கிளுக்கு எடுக்கிறதோ?"

ஒரு கச்சானை உடைத்தார். தின்னவில்லை.
"இடப்பக்கச் சிக்னல் எரியுதோ?"
எரியுது, புதுசு போட்டது என்றேன்.
"அநியாயம். அந்தாள் ஒருநாளும் போட்டதில்லை."

உள்ளே போய் ஒரு பால்மா டின்னோடு வந்தார்.
பழைய காப்புறுதித் துண்டு.
என் கையில் தரவில்லை,
தன் விரலால் பிடித்தபடியே காட்டினார்.
எட்டு.
இரண்டு வட்டமும் மூடிய, சந்தேகமில்லாத எட்டு.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

"எட்டு" என்றேன் யன்னலில்.
எழுதிக்கொண்டார்.
"உரிமையாளர்?"
"வந்தா வைப்பார்."

அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.
படிவத்தைத் திருப்பித் தரவில்லை,
முத்திரையும் குத்தவில்லை.
கீழ் லாச்சியை இழுத்தார்.
அங்கே ஏற்கெனவே ஒரு கட்டு,
றப்பர் பாண்ட் போட்டது. அதற்குள் செருகினார்.
"அடுத்த ஆள்."

வெளியே வண்டி நின்ற இடத்தில்
உள்ளங்கையளவு எண்ணெய்.
ஒன்பதாம் உதையில் பற்றியது.
சந்தியில் இடப்பக்கம் திரும்பினேன்.
சிக்னல் போடவில்லை என்பது
தண்ணீரூற்று தாண்டித்தான் ஞாபகம் வந்தது.