மண் வெளியேறக் கூடாது

உத்தரவின் மூன்றாம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது.
செடி, பக்கக்கன்று, கிழங்கு, தார், சருகு,
அவற்றில் ஒட்டிய மண்,
மண் ஒட்டிய எதுவும்.
வாசித்துக் காட்டுவது என் வேலை.
இன்னிஸ்ஃபெயிலுக்குத் தெற்கே, இரண்டு மழைகளுக்கு நடுவே,
கழுவினாலும் போகாத வாழைக்கறைக் கைகளோடு
யெர் வாங் கேட்டுக்கொண்டு நின்றாள்.
முடித்ததும்
"நாய்?" என்றாள்.
நாயைப் பற்றி உத்தரவில் ஒரு சொல்லும் இல்லை.
அலுவலகத்தைக் கேட்டேன்.
பத்து நிமிடம் காக்கவைத்துச் சொன்னார்கள்:
நாயும்.

வேர்வழி ஏறித் தண்டின் குழாய்களை அடைக்கும் பூஞ்சை.
அடியிலையின் ஓரம் முதலில் மஞ்சளாகும்,
பிறகு காம்பில் ஒடிந்து
கிழிந்த பாவாடைபோல் தண்டைச் சுற்றித் தொங்கும்.
வெட்டினால் உள்ளே செம்பழுப்பு வளையங்கள்,
தேநீர்க் கோப்பைகள் வைத்து எடுத்த மேசை.
மரம் செத்த பின்னும் மண்ணுக்குள் உறங்கும்
என் ஓய்வூதியத்தையும் தாண்டி.
கன்று போகும் இடமெல்லாம் கூடப் போகும்.
வாழையடி வாழையாய் வருவது
வம்சம் மட்டுமல்ல.

வாயிலில் இளஞ்சிவப்பு மருந்துநீர்த் தொட்டி வைத்தோம்.
உள்ளே ஒரு ஜோடி காலணி, வெளியே ஒரு ஜோடி,
நடுவில் பலகை.
அவள் மகன் துவா தினமும் அந்தப் பலகையில்
கொக்குபோல் நின்று கால் மாற்றுவான்.
பள்ளிப் பேருந்து இருநூறு மீட்டர் தள்ளி நிற்கத் தொடங்கியது.
அது எங்கள் உத்தரவல்ல.
கால்பந்து அணி அவன் பையைத் திருப்பி அனுப்பியது.
அதுவும் அல்ல.

எங்களுடையது இது:
பூட்டைத் திறக்கலாம்.
கேட்காமல் தோண்டலாம்.
மஞ்சளான ஒன்றுக்காக
சுற்றியிருக்கும் பச்சையையும் கொல்லலாம்.
தண்டில் ஊசி. சத்தமே இல்லை.
தார் தள்ளியவை மட்டும் பாரம் தாங்காமல்
இரவில் விழுந்தன, ஒவ்வொன்றாக;
வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று
காலையில் துவாதான் சொன்னான்.
நான் எண்ணி எழுதினேன்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் உண்டு.

காட்டுப்பன்றிகளுக்கு வேலி போட்டோம்.
ஓடைக்கு என்ன போடுவது?
தாழ்ந்த மூலையில் புகுந்து
எட்டோரே பொர்த்தோலினின் தோப்புக்குள் போகிறது அது
எந்தக் காலையும் கழுவாமல்.

எட்டோரே என் வண்டியை மறித்தார்.
"நாற்பதாயிரம் வாழை எனக்கு.
அவள் நிலத்தைக் கொளுத்துங்கள் முழுசாக.
எங்கிருந்து கொண்டுவந்தாளோ."
அவர் பேசப் பேச நான்
அவருடைய எல்லை வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு பல் விழுந்த வாய்போல ஓரிடம்.
புதிதாய்க் கிளறிய குழி,
மேலே அவசரச் சருகு,
ஒரே ஒரு வாழையின் அகலம்.
குழியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.
அவர் மழை வருகிறதா என்று பார்த்தார்.

முதலில் தகவல் சொன்னவர் யார் என்று
நாங்கள் வெளியிடுவதில்லை.
பதிவை நான் கேட்டிருக்கிறேன்.
காலை ஐந்து நாற்பது. பின்னால் தகரத்தில் மழை.
ஒரு பெண்குரல்:
"என் இலை மஞ்சளாகிறது. வந்து பாருங்கள்."
பிறகு முகவரி, எழுத்தெழுத்தாக,
தவறிவிடக் கூடாதென்று இரண்டாம் முறையும்.

இத்தனை பிரிவுகள், அபராதங்கள், முத்திரைகள்,
எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பின்மேல்
நின்றுகொண்டிருக்கின்றன.
மேலிடத்தில் சொன்னால் சிரிப்பார்கள்.

குழியிலிருந்து ஒரு கரண்டி மண் எடுத்தேன்.
பையில் இட்டேன், ஒட்டினேன், எண் எழுதினேன்.
எட்டோரேயின் கிழட்டு நாய்
என் காலணியை முகர்ந்துவிட்டுப்
புட்டியைத் துரத்திக்கொண்டு சாலைக்கு ஓடியது.

பதினேழு நாள் கழித்து
அவருடைய சமையலறையில் மூன்றாம் பக்கத்தை வாசித்தேன்.
குறுக்கே பேசவில்லை.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
தன் கைகளையே கேட்பதுபோல் கேட்டார்.
முடித்ததும் வெகுநேரம் கழித்து
"நாய்?" என்றார்.

இந்தமுறை நான்
அலுவலகத்தைக் கேட்கவில்லை.